துண்டுச்சீட்டும் பில்லும்: வண்டிப் பாகக் கடையின் வாடிக்கையாளர் யார்?

சென்னை அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை முன்னால் போய் நின்றாலும் காலை பதினொரு மணிக்கு ஏறத்தாழ ஒரே காட்சிதான். கவுண்டரை மறித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர். ஒருவர் கையில் கிரீஸ் அப்பிய பழைய கிளட்ச் பிளேட், சாம்பிளுக்காகக் கழற்றிக் கொண்டுவந்தது. இன்னொருவர் செல்பேசியில் படம் காட்டுகிறார். மற்றவர்கள் கையில் துண்டுச்சீட்டு. ஏதோ ஒரு பாக அட்டையைக் கிழித்து, அதன் பின்புறத்தில் மெக்கானிக் எழுதிக் கொடுத்தது: பிரேக் ஷூ ஒரு செட், கோன்செட் ஒன்று, கிளட்ச் கேபிள் ஒன்று. சீட்டை வாங்கியதும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “என்ன வண்டி?” அடுத்த கேள்வி, “எந்த மெக்கானிக்?”

முதல் கேள்வி பாகத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி வியாபாரத்தைப் பற்றியது. எந்தத் தரத்தில் பாகத்தை எடுத்துப் போடுவது, என்ன விலை சொல்வது, திருப்பிக் கொண்டுவந்தால் முகம் சுளிப்பதா சிரிப்பதா என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் தீர்மானமாகின்றன. சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்த பிறகு, கேட்டால் மட்டும் ஒரு பில் வரும். அதில் வாங்குபவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘கேஷ்’ என்று எழுதியிருக்கும்.

பாகக் கடைகளைப் பற்றி வண்டிக்காரர்கள் சொல்லும் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரிஜினல் என்று சொல்லிக் கொடுத்தது மூன்று மாதத்தில் போயிற்று. வேறு மாடலுக்கானதைக் கொடுத்துவிட்டு மாற்றித்தர மறுத்தார்கள். கேள்வி கேட்டால் எரிந்து விழுந்தார்கள். இவற்றைத் தனித்தனிக் கடைகளின் குணக்கேடாகப் பார்ப்பதே வழக்கம். அது பாதி உண்மைதான். பாகக் கடையில் பணம் கொடுப்பவர் ஒருவர், பொருளைத் தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர். தரம், சேவை இரண்டிலும் எழும் குறைகளில் பெரும்பகுதி இந்தப் பிளவிலிருந்து பிறக்கிறது என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

காசு ஒருவருடையது, கண் இன்னொருவருடையது

பொருளியலில் பொருள்களை மூன்றாகப் பிரிக்கும் பழக்கம் உண்டு. கத்தரிக்காய் போன்றவை முதல் வகை. வாங்குமுன்னே பார்த்து, தொட்டு, சொத்தை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். உணவகச் சாப்பாடு இரண்டாம் வகை. சாப்பிட்ட பிறகுதான் ருசி தெரியும், ஆனால் தெரிந்துவிடும். மூன்றாம் வகையில் பயன்படுத்திய பிறகும் தரம் உறுதியாகத் தெரியாது, நம்பித்தான் ஆகவேண்டும். 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் இந்த மூன்றாம் வகைக்குப் பெயர் சூட்டினார்கள். பழுதுபார்ப்பு வேலை அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பழுது எது என்று கண்டுபிடித்துச் சொல்பவரே அதைச் சரிசெய்து காசு வாங்குபவராகவும் இருக்கும்போது, தேவைக்கு மேல் செய்தாரா, குறைவாகச் செய்தாரா என்பது வண்டிக்காரருக்குக் கடைசிவரை தெரியாது.

வண்டிப் பாகம் இந்த மூன்றாம் வகைக்கு வெகு அருகில் இருக்கிறது. புது பிரேக் ஷூ எட்டு மாதத்தில் தேய்ந்துபோனால் காரணம் ஷூவா, டிரம்மா, மாட்டிய விதமா, ஓட்டிய விதமா? கடைக்காரர் மெக்கானிக்கைக் காட்டுவார், மெக்கானிக் கடையைக் காட்டுவார், இருவரும் சேர்ந்து, “நீங்க பிரேக்கிலேயே கால் வெச்சு ஓட்டறீங்க சார்” என்பார்கள். மூன்றுமே உண்மையாக இருக்க இடமுண்டு என்பதுதான் சிக்கல்.

இந்த இருட்டில் வண்டிக்காரருக்குக் கண்ணாக இருப்பவர் மெக்கானிக். எந்தக் கடையில் போலி கிடையாது, எந்தக் கம்பெனி பேரிங் சத்தம் போடாது என்பது அவருடைய கைக்குத் தெரியும். மட்டமான பாகத்தை மாட்டினால் வண்டி திரும்பி வரும், அதே வேலையைக் கூலியில்லாமல் மறுபடி செய்ய வேண்டும், தெருவில் பெயர் கெடும். ஆக நல்ல பாகம் வாங்க அவருக்கு வலுவான காரணம் இருக்கிறது. கூடவே கடையில் அவருக்குக் கமிஷனும் இருக்கிறது. சில கடைகள் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக் கொடுக்கின்றன. சில, அவருக்கு ‘நெட்’ விலையும் வண்டிக்காரருக்கு அச்சிட்ட விலையும் போட்டு நடுவில் உள்ளதை அவருக்கு விட்டுவிடுகின்றன. தயாரிப்பாளர்களே மெக்கானிக்குகளுக்குப் பரிசுப் புள்ளிகள் தரும் திட்டங்களை நடத்துகிறார்கள். ஒரே மனிதர் வண்டிக்காரரின் காவலராகவும் கடையின் தரகராகவும் இருக்கிறார்.

மெக்கானிக்கைக் குற்றம் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் இந்த ஏற்பாட்டை வளர்த்ததில் வண்டிக்காரர்களுக்கும் பங்குண்டு. முந்நூறு ரூபாய் கூலி கேட்டால் இருநூறுக்குப் பேரம் பேசுகிறோம். ஆயிரத்து இருநூறு ரூபாய்ப் பாகத்துக்கு அட்டையில் விலை அச்சடித்திருந்தால் பேசாமல் கொடுத்துவிடுகிறோம். கைவேலைக்கு மதிப்பில்லை, அட்டைப்பெட்டிக்கு மதிப்பு உண்டு என்று நாமே கற்றுக்கொடுத்த பிறகு, கூலியில் விட்டதை அவர் பாகத்தில் எடுத்துக்கொள்கிறார். கமிஷன் என்பது பல நேரங்களில் நாம் கொடுக்க மறுத்த கூலிக்கு வேறு பெயர்.

ஒரே பாகம், நான்கு பெயர்

“ஒரிஜினல் வேணுமா, லோக்கல் வேணுமா?” என்று கவுண்டரில் கேட்பார்கள். கேள்வியில் இரண்டு வாய்ப்புகள்தான் இருக்கின்றன. அலமாரியில் குறைந்தது நான்கு இருக்கின்றன.

முதலாவது, வண்டி கம்பெனியின் முத்திரையோடு அதன் பெட்டியில் வருவது. பேச்சு வழக்கில் இதுதான் ஒரிஜினல். இரண்டாவது, வண்டி கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் அதே ஆலை தன் சொந்தப் பெயரில் சந்தைக்கு அனுப்புவது. வண்டி கம்பெனிகள் பெரும்பாலான பாகங்களைத் தாமே செய்வதில்லை. பிஸ்டன், பேரிங், பிரேக் லைனிங், விளக்கு எல்லாம் வெளி ஆலைகளிலிருந்து வாங்குபவைதான். எனவே இந்த இரண்டாம் வகை பல நேரங்களில் தரத்தில் முதல் வகைக்கு ஈடாகவும் விலையில் குறைவாகவும் இருக்கும். விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் விரும்புவது இதைத்தான். மூன்றாவது, எந்த வண்டி கம்பெனிக்கும் கொடுக்காமல் சந்தைக்காக மட்டுமே செய்பவர்களின் சரக்கு. இதில் நன்றாகச் செய்பவரும் உண்டு, நாலு நாள் தாங்காததைச் செய்பவரும் உண்டு. நான்காவது, பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டியையும் முத்திரையையும் அப்படியே காப்பியடித்து வரும் போலி.

மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து ‘டூப்ளிகேட்’ என்று சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் பார்வையில் இரண்டுக்கும் நடுவில் பெரிய சுவர் இருக்கிறது. மூன்றாம் வகைப் பெட்டிகளில் புகழ்பெற்ற பைக்கின் பெயர் பெரிய எழுத்திலும், அதற்கு மேலே ‘சூட்டபிள் ஃபார்’ என்பது எறும்பு எழுத்திலும் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று காட்டுவதற்குத் தேவையான அளவில் அந்த வண்டியின் பெயரைச் சொல்ல 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டமே இடம் தருகிறது. எழுத்தின் அளவில் செய்யும் வித்தை வேறு கதை. பிறருடைய முத்திரையைப் பொய்யாக ஒட்டி விற்பதற்கோ அதே சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

வண்டிக்காரரின் மனக்குறை பெரும்பாலும் எங்கே தொடங்குகிறது என்றால், முதல் வகையின் விலையைக் கொடுத்து மூன்றாம் வகையை வாங்கிச் செல்லும்போது. இதற்குப் போலி முத்திரைகூடத் தேவையில்லை. சீட்டில் ‘பிரேக் ஷூ’ என்று மட்டும் எழுதியிருக்கும்; எந்த கம்பெனி என்று இருக்காது. பாகம் வந்த பெட்டி பட்டறையிலேயே குப்பைக்குப் போய்விடும்.

பாடியிலிருந்து கவுண்டர் வரை

இந்தக் கதை சென்னையில் நடப்பதில் ஒரு முரண் இருக்கிறது. இந்தியாவில் வண்டிப் பாகங்கள் செய்யும் பெரும் மையங்களில் இந்த நகரம் ஒன்று. 1960களின் தொடக்கத்தில் நகரின் மேற்கு ஓரத்தில் பாடிப் பகுதியில் சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா என்று ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதைச் சுற்றி நட்டும் போல்ட்டும் கடையும் சிறு பட்டறைகள் என்று ஓர் உலகமே உருவானது.

தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசு தொழிலுலகில் மிக உயர்ந்த மதிப்பு உடையது. 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு அதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003இல் ரானே பிரேக் லைனிங் என்று தொடர்ந்தது. மூன்றுமே பிரேக்கோடு தொடர்புடையவை, மூன்றுமே இந்த நகரத்தவை. உலகத் தரத்தில் பிரேக் லைனிங் செய்யத் தெரிந்த ஊரில், அந்த ஆலைகளிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கவுண்டரில் நிற்பவருக்குத் தன் கையில் இருப்பது அந்த லைனிங்கா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

காரணம் எளிது. ஆலை தரத்தைப் பொருளுக்குள் வைத்து அனுப்புகிறது. வழியில் விநியோகஸ்தர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, மெக்கானிக் என்று நான்கு கை மாறுகிறது. பொருள் மாறாமல் வந்தாலும் பொருளைப் பற்றிய தகவல் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் உதிர்கிறது. வண்டி கம்பெனிக்குப் போகும் பாகத்தைச் சோதிக்க அங்கே பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஒரு தொகுதி சரியில்லை என்றால் லாரியே திரும்பிப் போகும். கவுண்டரில் நிற்பவருக்கு இருக்கும் சோதனைக்கூடம் அவருடைய இரண்டு கண்கள்தான்.

கண்ணுக்குத் தெரியாத தரம்

அந்தக் கண்களால் என்ன பார்க்க முடியும்? ஆயில் ஃபில்ட்டரை எடுத்துக்கொள்வோம். வெளியே பெயின்ட் அடித்த தகர டப்பா. உள்ளே மடிப்பு மடிப்பாக வடிகட்டும் தாள், எஞ்சின் நின்ற பிறகு ஆயில் வழிந்தோடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு, தாள் அடைத்துக்கொண்டால் ஆயிலுக்கு மாற்றுவழி திறக்கும் ஸ்பிரிங் வால்வு. மடிப்பைக் குறைத்து வால்வை விட்டுவிட்டாலும் டப்பா அதே டப்பாதான், திருகினால் கச்சிதமாகப் பொருந்தும், வண்டியும் ஓடும். எஞ்சின் பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டித் தேய்மானம் காட்டும்போது ஃபில்ட்டரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

பிரேக் பேடில் உரசும் பொருளை இரும்புத் தகட்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் மெதுவாக ஓடும்போது நல்ல பேடுக்கும் மட்டமான பேடுக்கும் வித்தியாசம் தெரியாது. ஏலகிரியிலிருந்து இறங்கும்போது, வளைவுக்கு வளைவு பிரேக் அழுத்திச் சூடு ஏறும்போது மட்டமானது பிடிமானத்தை இழக்கும். ஒட்டு சரியில்லை என்றால் தகட்டிலிருந்தே பெயரும். பிரேக் ஆயில் இன்னும் நுட்பமானது. டாட் 3 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும், ஈரம் ஏறிய நிலையில் 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, 155. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது இதன் இயல்பு என்பதால், கடையில் மூடி திறந்து நெடுநாள் கிடந்த டின்னிலிருந்து ஊற்றித் தருவது தரமான கம்பெனியின் ஆயிலாக இருந்தாலும் தரம் கெட்ட ஆயில்தான். நல்ல பொருள்கூட மோசமான கடைப்பழக்கத்தால் கெடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தரம், சேவை என்று நாம் பிரித்துப் பேசுபவை இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

பெட்டியின்மேல் ஹாலோகிராம், கியூஆர் குறியீடு என்று தயாரிப்பாளர்கள் அடையாளங்களைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். பயனுள்ளவைதான். ஆனால் ஹாலோகிராமையும் அச்சடிக்க ஆள் உண்டு. காலிப் பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கிப் போலியை நிரப்புபவர்கள் இருப்பதால்தான், பாகத்தை மாட்டிய பிறகு பெட்டியைக் கிழித்துப் போடுங்கள் என்று கம்பெனிகள் சொல்கின்றன.

புதுப்பேட்டைப் பாடம்

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கூவம் கரையோரத்தில் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் சந்தை. கதவு தனியாக, கியர்பாக்ஸ் தனியாக, பம்பர் தனியாக நடைபாதைவரை அடுக்கிக் கிடக்கும். திருட்டு வண்டிகள் பிரிக்கப்படும் இடம் என்ற கெட்ட பெயரும் நெடுநாளாகவே அதற்கு உண்டு.

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதி, பின்னாளில் 2001ஆம் ஆண்டு நோபெல் பரிசுக்கு வழிவகுத்த கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி விலைதான் கிடைக்கும். நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகிப்போவார். கடைசியில் மட்டமானதே மிஞ்சும் என்பது அவருடைய வாதம். அதன்படி பார்த்தால் புதுப்பேட்டைதான் நம்பிக்கை அற்றுப்போன இடமாக இருக்கவேண்டும்.

நடப்பு அப்படியில்லை. “புது லோக்கலுக்கு பழைய ஒரிஜினல் மேல்” என்று சொல்லி அங்கே போகிற வண்டிக்காரர்களும் மெக்கானிக்குகளும் நிறைய. அவர்கள் கணக்கில் பழசு என்பது ஒரு சான்றிதழ். கம்பெனி வண்டியிலிருந்து கழற்றியது என்றால் ஆலையில் மாட்டியது. ஏற்கெனவே சில ஆண்டுகள் ஓடிக் காட்டியது. துருவும் கீறலும் கண்ணுக்குத் தெரிகின்றன. விற்பவர் அதைப் புதிது என்று சொல்லவில்லை. புதுப்பெட்டிக்குள் இருப்பதைவிட, வெளியே கிடப்பதைப் பற்றி வாங்குபவருக்கு அதிகம் தெரிகிறது. கண்ணாடி, கதவு, ஹெட்லைட் கூடு போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு சரி. பிரேக், ஸ்டியரிங் இணைப்பு, டயர் போன்று தேய்ந்தால் உயிரோடு விளையாடுபவற்றுக்கு இது ஆபத்தான கணக்கு. ஆனால் பாடம் தெளிவு: வாங்குபவர் தேடுவது புதுமையையோ பளபளப்பையோ விட, எங்கிருந்து வந்தது என்ற தகவலைத்தான்.

சேவை என்றால் சிரிப்பா?

சேவைத் தரத்தை அளக்க உலகம் முழுவதும் கையாளும் அளவுகோல் ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவில் பேராசிரியரான ஏ. பரசுராமன், வலேரி ஸைட்ஹாம்ல், லியோனார்ட் பெர்ரி என்ற இருவரோடு சேர்ந்து 1988இல் வெளியிட்டது அது. 1985இல் அவர்கள் செய்த முதற்கட்ட ஆய்வில் வங்கி, கடன் அட்டை, பங்குத் தரகு ஆகியவற்றோடு பொருள் பழுதுபார்ப்புத் துறையையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடை தோற்றத்தில் எப்படி இருக்கிறது, சொன்னபடி செய்கிறதா, உடனே கவனிக்கிறதா, விஷயம் தெரிந்து நம்பிக்கையூட்டுகிறதா, வருபவரின் நிலையைப் புரிந்துகொள்கிறதா என்று ஐந்து கூறுகள். இவற்றில் சொன்னபடி செய்வதே வாடிக்கையாளருக்கு மிக முக்கியம் என்பது அவர்கள் கண்டது.

பாகக் கடைக்கு இதைப் பொருத்தினால் வேடிக்கையான விடை கிடைக்கும். தோற்றத்தில் நமது கடைகளுக்கு மதிப்பெண் கிடையாது. பரண்மேல் ஏறிய பையன் தூசியோடு பெட்டியைத் தூக்கிப் போடுவான். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் என்ற கூற்றில் பழைய கவுண்டர்காரர்களுக்கு ஈடு கிடையாது. உடைந்த துண்டைக் கையில் வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்து, எந்த வண்டி, எந்த வருஷம், முன்னாலா பின்னாலா என்று சொல்லி, எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள். பாகக் கடையில் சேவை என்பதன் உயிர்நாடி இதுதான்: சரியான பாகத்தைச் சரியாக அடையாளம் காண்பது. சிரித்த முகத்தோடு தவறான பாகத்தைக் கொடுப்பவரைவிட, சிடுசிடுத்துக்கொண்டே சரியானதைக் கொடுப்பவரிடம்தான் மெக்கானிக் போவார்.

இந்த நினைவாற்றல் இப்போது திணறுகிறது. அம்பாசடர், பத்மினி காலத்தில் ஒரே பாகம் பல ஆண்டுகள் ஓடியது. இன்று ஒரே காரில் ஆண்டுக்கு ஆண்டு பாக எண் மாறுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதி வந்தபோது இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பரவியது; அதோடு சென்சார்கள் வந்தன. ‘மாடல் பேர் சொன்னால் போதும்’ என்ற காலம் முடிந்து, பதினேழு எழுத்துகள் கொண்ட சேசிஸ் எண்ணைக் கணினியில் அடித்துப் பாக எண்ணைத் தேடும் காலம் வந்துவிட்டது. ஆன்லைன் விற்பனை இந்தத் தேடலை வண்டிக்காரரின் கைக்கே கொண்டுவந்தது. ஆனால் சாம்பிளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கும் அந்தக் கண் அங்கே இல்லை.

பழைய கடைகள் உண்மையில் தோற்பது ஐந்தாவது கூற்றில், வருபவரின் நிலையைப் புரிந்துகொள்வதில். சீட்டோடு வரும் மெக்கானிக்குக்கு அங்கே பெயர் உண்டு, கடன் கணக்கு உண்டு, டீ உண்டு. சீட்டில்லாமல், தன் வண்டிக்குத் தானே பாகம் கேட்டு வருபவரிடம், அதிலும் ஒரு பெண்ணாக இருந்துவிட்டால், “போனைப் போடுங்க, மெக்கானிக்கிட்ட பேசறேன்” என்று கை நீளும். அவமதிக்கும் எண்ணம் அதில் இல்லாமல் இருக்கலாம். தவறான பாகம் போய்த் திரும்பி வந்தால் தனக்குத்தான் நஷ்டம் என்ற பயமும் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் யார் வாடிக்கையாளர் என்பதைக் கடை சொல்லிவிடுகிறது.

சட்டம் யார் பக்கம்?

கடைகளில் தொங்கும் அட்டைகள் இரண்டு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.’ ‘எலெக்ட்ரிக்கல் பொருள்களுக்கு உத்தரவாதம் இல்லை.’ கடைக்காரர் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ரிலேயையோ சென்சாரையோ வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டால், அது தானாகப் போனதா, வயரிங் கோளாறு அதைக் கொன்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. பழுது எதுவென்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு.

இருந்தாலும் அந்த அட்டை சட்டத்தை மிஞ்சாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு ஏதும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். மனம் மாறியதற்கெல்லாம் இது பொருந்தாது, குறை இருக்கவேண்டும். பில் தராமல் விற்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைதான். போலிப் பொருளால் உயிர் போனால், விற்பவருக்கும் தயாரிப்பவருக்கும் ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை விதிக்க அதில் இடமுண்டு.

பாகக் கடைகளுக்கு அதிகம் பொருந்துவது இன்னும் அமைதியான ஒரு பிரிவு. பொருளைச் செய்தவர் யார் என்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தாலும் அவருக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்க முடியவில்லை என்றால், அந்தப் பொருளால் நேர்ந்த பாதிப்புக்கு விற்றவரே பொறுப்பு. முகவரி இல்லாத பெட்டியில் வரும் சரக்கை அலமாரியில் வைக்கும் கடைக்காரர், செய்தவரின் பொறுப்பையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறார். ஆட்டோ ஓட்டுநருக்கும் சொந்த லாரி ஓட்டுபவருக்கும் ஒரு சந்தேகம் வரும்: வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டாரே? சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துபவரைச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

பெரிய கம்பெனிகளும் இந்தக் கதையில் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கின்றன. உண்மையான பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடாமலும், வெளிப் பட்டறையில் வேலை பார்த்தால் உத்தரவாதம் போய்விடும் என்று சொல்லியும் வாடிக்கையாளரைத் தம் சர்வீஸ் நிலையங்களுக்குள் கட்டிப்போட்டார்கள் என்று கூறி, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் தயாரிப்பாளர்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. ஆனால் அந்த ஆணை ஓர் உண்மையை நினைவூட்டுகிறது: ஒரிஜினல் கிடைக்காத இடத்தில்தான் டூப்ளிகேட் குடியேறுகிறது. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டது இதன் அடுத்த படி.

இத்தனை சட்டப் பாதுகாப்பும் கவுண்டரில் ஏன் தெரிவதில்லை? எல்லாவற்றுக்கும் வாசற்கதவு ஒரே தாள்தான். பில் இல்லை என்றால் வாங்கியதற்கே சான்று இல்லை. “பில்லோட வேணும்னா வரி சேரும் சார்” என்பது எல்லோரும் கேட்ட வாக்கியம். பல ஆண்டுகளாகப் பெரும்பாலான வாகனப் பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானது. அச்சிட்ட அதிகபட்ச விலையில் எல்லா வரியும் ஏற்கெனவே அடக்கம் என்பதை அறிந்தவருக்கு அந்த வாக்கியம் எப்போதுமே செல்லாத நாணயம்தான். அப்படியும் நாம் பில்லை விட்டுவிடுகிறோம். நூறு ரூபாய் குறைத்துக்கொண்டு, 30 நாள் உரிமையை விற்றுவிட்டு வருகிறோம்.

சீட்டில் என்ன எழுதுவது?

மெக்கானிக்கை இந்த ஏற்பாட்டிலிருந்து நீக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நீக்கவும் முடியாது. அவருடைய கண்ணுக்குக் கூலியை நேர்மையாகக் கொடுத்துவிட்டு, தேர்வை வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். துண்டுச்சீட்டில் ‘பிரேக் ஷூ’ என்பதோடு கம்பெனி பெயரும் முடிந்தால் பாக எண்ணும் எழுதித் தரச்சொல்லலாம். பெட்டியில் தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்கவேண்டும் என்பது பொட்டலப் பொருள்களுக்கான விதி; அவை இல்லாத பெட்டியைக் கவுண்டரிலேயே திருப்பிவிடலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். இவை எதற்கும் பொறியியல் அறிவு தேவையில்லை. தகவலை வண்டிக்காரரின் கைக்குத் திருப்பும் சின்னச் சின்ன வேலைகள், அவ்வளவுதான்.

கடைசியாக அந்த ‘கேஷ்’. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புப் பொது விதிகள் ஒரு பில்லில் குறைந்தது என்னென்ன இருக்கவேண்டும் என்று பட்டியலிடுகின்றன. விற்பவர் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, பொருளின் விவரம் ஆகியவற்றுக்கு நடுவில் வாங்குபவர் பெயரும் இருக்கிறது. பில் கேட்டால் கடைக்காரர் தலைநிமிர்ந்து, “யார் பேருக்குப் போடணும்?” என்பார். வழக்கமாக நாம், “எதையாவது போடுங்க” என்று சொல்லிவிடுவோம். அந்த பிரேக்கை நம்பி வண்டி ஓட்டப்போகிறவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்ல மூன்று விநாடி போதும்.